காலி இடத்தின் கணக்கு

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் 1908ஆம் ஆண்டு ஒரு கணிதக்காரர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் அக்னர் க்ராருப் எர்லாங். வயது 30. அதுவரை பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்துத் தொலைபேசியில் எண் சுழற்ற வேண்டியதில்லை. ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண் ஊழியர் பேசுவார். யாரோடு பேச வேண்டும் என்று சொன்னால், கையால் ஒயரைச் செருகி இணைப்புக் கொடுப்பார். நிறுவனத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான்: எத்தனை ஊழியர்கள் வேண்டும், எத்தனை தடங்கள் வேண்டும்? குறைவாக வைத்தால் சந்தாதாரர் காத்துக் காத்துப் பொறுமை இழப்பார். அதிகமாக வைத்தால் சம்பளமும் செம்புக் கம்பியும் வீண்.

அழைப்புகள் ஒன்றை ஒன்று கலந்து பேசிக்கொண்டு வருவதில்லை. ஐந்து நிமிடம் ஒன்றுமே வராது; அடுத்த நிமிடத்தில் ஆறு வரும். இந்தத் தாறுமாறுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை எர்லாங் 1909இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். 1917இல் வந்த அடுத்த முக்கியமான கட்டுரையில் காத்திருப்புக்கும் இழப்புக்குமான சூத்திரங்களைத் தந்தார். அதிலிருந்து வளர்ந்த துறைக்கு வரிசைக் கோட்பாடு என்று பெயர். மொபைல் கோபுரம், முன்பதிவுக் கவுன்டர், இணையத்தின் சர்வர், மருத்துவமனைப் படுக்கை என்று யாரோ எதற்கோ காத்திருக்கும் இடங்களில் எல்லாம் இன்று இந்தக் கணிதம் பின்னால் ஓடுகிறது. தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே 1946இல் எர்லாங் என்று பெயர் வைத்தார்கள்.

நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று பேசும் புத்தகங்களில் எர்லாங்கின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். அவை பெரும்பாலும் மன உறுதியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசுகின்றன. காலை ஐந்து மணிக்கு எழு, பட்டியல் போடு, ஒரு நிமிடத்தையும் வீணாக்காதே. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது. நாளை விளிம்பு வரை நிரப்புகிறவரின் வேலைதான் அதிகம் தாமதமாகும். அதற்கு அவருடைய குணத்தில் குறை தேட வேண்டாம். வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும்.

ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒருவர். பில் பாஸ் செய்ய, வவுச்சர் சரிபார்க்க, பயணப்படி கேட்க என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். யார் எப்போது வருவார் என்று முன்கூட்டியே தெரியாது. ஒரு வேலை மூன்று நிமிடத்தில் முடியும், இன்னொன்று நாற்பது நிமிடம் இழுக்கும். சராசரி 15 நிமிடம். எட்டு மணி நேர நாளில் 15 நிமிடத் துண்டுகள் 32. ஆகவே, தாளில் எழுதிப் பார்த்தால் நாளொன்றுக்கு 32 வேலைகள் செய்யலாம்.

நாளுக்குச் சராசரியாக 16 வேலைகள் வந்தால், பல நாள்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு வேலை தன் முறை வரும்வரை சராசரியாக 15 நிமிடம் காத்திருக்கும். 24 வேலைகள் வந்தால் 45 நிமிடம். பரவாயில்லை, தாங்கலாம். 28 வந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். 30 வந்தால் மூன்றே முக்கால் மணி நேரம். 31 வந்தால் ஏழே முக்கால் மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஒரு முழு வேலைநாள். 32 வந்தால் வரிசைக்கு முடிவே கிடையாது. இன்று தேங்கியது நாளைக்குப் போகும், நாளை தேங்கியது அதன்மேல் ஏறும்.

முப்பதிலிருந்து முப்பத்தொன்றுக்குப் போனபோது கூடியது ஒரே ஒரு வேலை. காத்திருப்போ இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இதன் சூத்திரம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்: வரும் வேலைகளின் எண்ணிக்கையை, நாளில் மிச்சமிருக்கும் காலி இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, 15 நிமிடத்தால் பெருக்க வேண்டும். 28ஐ 4ஆல் வகுத்தால் 7. 31ஐ 1ஆல் வகுத்தால் 31. வகுக்கும் எண்ணாக நிற்பது காலி இடம். செய்து முடிக்கும் வேலையின் அளவு மெல்ல மெல்லக் கூடுகிறது. காலி இடம் தேய்ந்துபோகும் வேகத்தில் காத்திருப்பு ஏறுகிறது. தன் மேசையில் எப்போதும் இரண்டு வேலைகள் மட்டும் கூடுதலாக இருப்பதாக நினைப்பவர் உண்மையில் இந்தச் சரிவின் செங்குத்தான பகுதியில் நிற்கிறார்.

காரணத்தையும் பார்த்துவிடுவோம். பத்தேகால் முதல் பத்தே முக்கால் வரை யாரும் வரவில்லை என்றால் அந்த அரை மணி நேரத்தைச் சேமித்து வைக்க முடியாது; போனது போனதுதான். பதினோரு மணிக்கு நான்கு பேர் சேர்ந்து வந்தால் அந்த நான்கும் குவியும். குவிந்ததைக் கரைக்க, பிறகு ஏதாவது ஒரு நேரத்தில் இடைவெளி வேண்டும். நாள் பாதி நிரம்பியிருந்தால் அந்த இடைவெளி சீக்கிரம் வந்துவிடும். முழுக்க நிரம்பியிருந்தால் வரவே வராது. எல்லோரும் சரியாக 15 நிமிடத்துக்கு ஒருவராக வந்து, ஒவ்வொருவர் வேலையும் சரியாக 15 நிமிடத்தில் முடிந்தால், 32 பேருக்கும் காத்திருப்பே இல்லாமல் முடித்துத் தந்துவிடலாம். அப்படிப்பட்ட உலகம் நமக்கு வாய்க்கவில்லை. கையேடுகள் போடச் சொல்லும் மணிவாரி அட்டவணை அந்த உலகத்துக்கானது.

பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜான் கிங்மன் 1961இல் இதை மேலும் பொதுவாக்கினார். வேலைகள் எந்த விதத்தில் வந்தாலும் பொருந்தக்கூடிய ஒரு தோராயம் அது. காத்திருப்பு மூன்று விஷயங்களின் பெருக்கல் என்றார்: எவ்வளவு நிரம்பியிருக்கிறோம், வேலைகள் வருவதிலும் முடிவதிலும் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஒரு வேலை சராசரியாக எவ்வளவு நேரம் எடுக்கிறது. இந்தப் பெருக்கலை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் நம் கைக்கு எட்டும் மூன்று பிடிகளை அது காட்டுகிறது. நிரம்பலைக் குறைக்க முடியாத இடத்தில் ஏற்ற இறக்கத்தையாவது குறைக்கலாம். வருகை எப்போதும் போல இருக்க, ஒவ்வொரு வேலையும் ஒரே அளவு நேரம் எடுக்கும்படி செய்துவிட்டால் மட்டும் காத்திருப்பு பாதியாகிவிடும். 30 வேலைகள் வரும் நாளின் மூன்றே முக்கால் மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்கும். நாற்பது நிமிடம் இழுக்கும் அந்தப் பயணப்படி பில்லுக்கு ஒரு நிலையான படிவம் தயாரித்துக் கொடுத்தால், அதன் பலன் அந்த பில்லோடு நிற்காது. அதற்குப் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு நேரம் கொடுத்தால் மறுபக்கத்து ஏற்ற இறக்கமும் அடங்கும்.

காலி இடம் விட்டு வைத்தால் உற்பத்தி குறையாதா என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் இருந்த செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் இந்தக் கேள்வியை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். அங்கே 32 அறுவை அரங்குகள். ஆண்டுக்கு 30,000க்கு மேல் அறுவை சிகிச்சைகள். எல்லா அரங்குகளுக்கும் முன்பதிவு நிரம்பி வழிந்தது. விபத்தில் அடிபட்டவரோ, குடல்வால் வெடித்தவரோ வந்து சேர்ந்தால் போட்ட அட்டவணை முழுவதும் கலையும். காலையில் நடக்க வேண்டிய அறுவை மாலைக்கும் மாலையில் நடக்க வேண்டியது நள்ளிரவுக்கும் தள்ளிப்போகும். நோயாளி வெறும் வயிற்றோடு படுத்திருப்பார். மருத்துவர்கள் அதிகாலை இரண்டு மணிக்குக் கத்தியைப் பிடிப்பார்கள். செவிலியர்களுக்கு ஓவர்டைம் ஏறும்.

ஆலோசகர் ஒருவர் சொன்ன யோசனை எல்லோருக்கும் எரிச்சலூட்டியது: ஓர் அரங்கைக் காலியாக வைத்திருங்கள், அவசர அறுவைக்கு மட்டும். இருக்கும் அரங்குகளே போதவில்லை, அதிலும் ஒன்றைப் பூட்டி வைப்பதா என்று அறுவை மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் செய்து பார்த்தார்கள். மருத்துவமனை செய்த அறுவைகளின் மொத்த எண்ணிக்கை ஏறியது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நடக்கும் அறுவைகள் வெகுவாகக் குறைந்தன. எந்த நோயாளி அவசரமாக வருவார் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அவசர நோயாளிகள் வருவார்கள் என்பது திங்கள்கிழமை வரும் என்பதைப் போல நிச்சயம். தனித்தனியாக எதிர்பாராதவை, மொத்தமாக எதிர்பார்க்கக்கூடியவை. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் உளவியலாளர் எல்டார் ஷஃபீரும் 2013இல் எழுதிய பற்றாக்குறை குறித்த நூலில் இந்த நிகழ்வை விரிவாகச் சொல்கிறார்கள். அவர்கள் அதைத் தனிமனிதர்களின் நாளோடு பொருத்திக் காட்டியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேரப் பற்றாக்குறையில் இருப்பவர்தான் தன் அட்டவணையை அதிகம் இறுக்குகிறார். இறுக்கியதாலேயே ஒரு சின்னத் தடங்கல் அவருடைய நாளைக் குலைக்கிறது. குலைந்ததால் அடுத்த நாளை இன்னும் இறுக்குகிறார்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் நாம் ஏன் இடம் விடுவதில்லை? பேராசையும் முதலாளியின் நெருக்கடியும் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நாம் போடும் மதிப்பீட்டிலேயே கோளாறு இருக்கிறது. கனடாவில் ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய உளவியலாளர்கள் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். 1994இல் வெளியான அந்த ஆய்வில் மாணவர்கள் சொன்ன சராசரி 34 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கான பதில் 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மாணவர்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலைமையே நிஜத்தைவிட நல்ல நிலைமையாக இருந்தது.

இந்தப் போக்குக்குப் பெயர் சூட்டி, திட்டமிடலில் வரும் மயக்கம் என்று முதலில் விளக்கியவர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும், 1970களின் இறுதியில். கானமனுக்கே அது நடந்திருக்கிறது. இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு, முடிவெடுத்தல் பற்றி ஒரு பாடநூல் எழுத ஒரு குழுவைக் கூட்டினார். ஒரு நாள் குழுவில் எல்லோரையும், நூல் முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்று தனித்தனியாகச் சீட்டில் எழுதச் சொன்னார். ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு என்று எழுதினார்கள். அந்தக் குழுவில் பாடத்திட்ட வல்லுநர் ஒருவர் இருந்தார். கானமன் அவரிடம் திரும்பி, இதேபோல் வேலையைத் தொடங்கிய மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டார். வல்லுநர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: நூற்றுக்கு நாற்பது குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள். சில நிமிடங்களுக்கு முன் இதே மனிதரும் இரண்டரை ஆண்டுக்குள்ளான ஒரு விடையைத்தான் எழுதியிருந்தார். விவரம் முழுக்க அவர் தலைக்குள்ளேயே இருந்தது; சொந்த வேலையைப் பற்றி யோசிக்கும்போது அது எழுந்து வரவில்லை. நூல் முடிய எட்டு ஆண்டுகள் ஆயின.

ஒரு வேலையை உள்ளே நின்று பார்த்தால் படிகள் தெரியும்: இதை எழுத வேண்டும், அதைத் திருத்த வேண்டும், அனுப்ப வேண்டும். குறுக்கே வரப்போகிறவை தெரியாது. குறுக்கே வருவன ஆயிரம் வகை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நடக்க வாய்ப்புக் குறைந்தது, அவற்றில் ஏதோ ஒன்று நடக்கும் என்பது ஏறக்குறைய உறுதி. ஒரு மணி நேர வேலை நல்லபடியாகப் போனால் பத்து நிமிடம் முன்னால் முடியலாம். கெட்டுப்போனால் நான்கு மணி நேரமும் ஆகலாம். முன்னால் முடிவதற்கு ஓர் எல்லை உண்டு, தாமதத்துக்கு எல்லை இல்லை. எல்லா வேலைகளையும் சரியாக முடிகிற நேரத்தை வைத்தே அடுக்கிக்கொண்டு போனால், கூட்டுத்தொகை ஒரு பக்கமாகத்தான் சாயும்.

மாற்று வழி எளிமையானது, ஆனால் மனம் ஒப்பாது: மனக்கண்ணில் வேலையை ஓட்டிப் பார்ப்பதை விட்டு, பழைய பதிவைப் பார்க்க வேண்டும். போன மூன்று மாதங்களில் இதே வகை வேலை எத்தனை நாள் எடுத்தது? இந்த முறை அப்படி ஆகாது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லும். ஒவ்வொரு முறையும் அது சொல்லியிருக்கிறது. வேலை தொடங்கிய தேதி, முடிந்த தேதி என்று இரண்டே கட்டம் போட்ட ஒரு நோட்டு, பெரும்பாலான செயலிகளைவிட அதிகம் கற்றுத்தரும்.

அடுத்து, தொடங்கிவிட்டு முடிக்காமல் வைத்திருக்கும் வேலைகள். பின்னாளில் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய ஒரு விதி உண்டு. வரிசையில் சராசரியாக எத்தனை இருக்கிறதோ அதை, ஒரு நாளில் எத்தனை முடிகிறதோ அதனால் வகுத்தால், ஒன்று சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்பது கிடைக்கும். கையில் 20 வேலைகள், நாளுக்கு 4 முடிகின்றன என்றால் ஒவ்வொன்றும் 5 நாள் தங்கும். அதே வேகத்தில் கையில் 40 எடுத்துக்கொண்டால் 10 நாள். வேகம் மாறாமல், ஏற்றுக்கொண்ட எண்ணிக்கையால் மட்டும் எல்லோருடைய காத்திருப்பும் இரட்டிப்பாகிறது. மூன்று பேருக்கு மூன்று மூன்று நாள் வேலை இருக்கிறது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று போனால் அவை 3, 6, 9ஆம் நாள்களில் முடியும். யாரையும் மனம் நோகச் செய்யக் கூடாது என்று நாளுக்கொன்றாகச் சுழற்றினால் 7, 8, 9ஆம் நாள்களில் முடியும். மூன்றாமவருக்கு ஒரு லாபமும் இல்லை, முதல் இருவருக்கும் நஷ்டம்.

இதில் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மூளை மாறுவதற்கான செலவைச் சேர்க்கவில்லை. அது தனி. ராபர்ட் ராஜர்ஸும் ஸ்டீபன் மான்செலும் 1995இல் செய்த சோதனையில், திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து தோன்றும். இரண்டு முறை எழுத்தைப் பார்த்து உயிரா மெய்யா என்று சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு முறை எண்ணைப் பார்த்து ஒற்றையா இரட்டையா என்று சொல்ல வேண்டும். எப்போது மாற வேண்டும் என்பது முன்பே தெரியும், தயாராகவும் அவகாசம் தந்தார்கள். அப்படியிருந்தும் மாறும் தருணத்தில் விடை தாமதமானது. அவகாசத்தைக் கூட்டக் கூட்டத் தாமதம் குறைந்தது, ஆனால் முழுக்க மறையவில்லை. இவ்வளவு சின்ன வேலைக்கே இப்படி. வரவுசெலவு அறிக்கையிலிருந்து வாடிக்கையாளரின் புகாருக்கு மாறும்போது மூளை எதையெல்லாம் இறக்கி எதையெல்லாம் ஏற்ற வேண்டும்! முடிக்காமல் விட்டு வந்த வேலை அடுத்த வேலையின்போதும் மனத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதையும், அதனால் அடுத்த வேலை மோசமாவதையும் சோஃபி லெராய் 2009இல் பதிவு செய்தார்.

குறுக்கீடு நேரத்தைத் தின்கிறது என்பதோடு இதை நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். குளோரியா மார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இடையிடையே தொந்தரவு செய்யப்பட்டவர்கள், தொந்தரவு இல்லாதவர்களைவிட வேகமாகவே வேலையை முடித்தார்கள். இழந்த நேரத்தை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டிக்கொண்டார்கள். மன அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி எல்லாம் அவர்களுக்கு அதிகமாக இருந்தன. ஆகவே மேலதிகாரி பார்க்கும் கணக்கில் குறுக்கீட்டின் விலை தெரியாமலே போகலாம். அந்த விலையை ஊழியர் தன் உடம்பிலிருந்து கட்டுகிறார். இந்த ஒரு முடிவுக்காகவே அந்த ஆய்வை மேலாளர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன்.

நாள் போதவில்லை என்றால் நாளை நீட்டிவிடலாமே என்பது அடுத்த வழி. இரவு ஒன்பது வரை உட்காருவது, ஞாயிற்றுக்கிழமையும் வருவது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகள் அதைத்தான் செய்தன. போர்முனையில் குண்டுத் தட்டுப்பாடு. பெரும்பாலும் பெண்களான தொழிலாளர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வரைகூட வேலை பார்த்தார்கள். அவர்களின் உடல்நலத்தையும் உற்பத்தியையும் கவனிக்க அரசு 1915இல் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு எடுத்த அளவீடுகளை ஸ்டான்ஃபோர்டின் ஜான் பென்காவெல் ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடியும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை, நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடுகிறது. அதற்கு மேல் கூடுதல் மணிகளின் பலன் குறைந்துகொண்டே போகிறது. 70 மணி நேரம் வேலை பார்த்தவரின் உற்பத்திக்கும் 56 மணி நேரம் பார்த்தவரின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதினான்கு மணி நேரம், வாராவாரம், ஒரு மனிதப் பிறவியின் தூக்கத்திலிருந்தும் குழந்தையிடமிருந்தும் பிடுங்கியது, ஏறக்குறைய ஒன்றுமில்லாததற்காக. இங்கே வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களின் ஞாபகம் வருகிறது.

சரி, எவ்வளவு காலி வைப்பது? எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. கிங்மனின் பெருக்கலே அதற்குச் சாட்சி. வேலை சீராக வருகிறவருக்குச் சிறிய இடைவெளி போதும். அழைப்பும் அவசரமுமாகவே நாள் போகிறவருக்கு அதிகம் வேண்டும். நம் கணக்காளரின் நிலைமையில் எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் காலியாக இருந்தால் காத்திருப்பு 45 நிமிடத்தில் நிற்கும். ஒரு வாரம் மட்டும், திட்டமிட்டுச் செய்தது எவ்வளவு, திடீரென்று வந்தது எவ்வளவு என்று குறித்துப் பாருங்கள். திடீரென்று வந்தவற்றுக்கு ஆன மொத்த நேரம் வாரத்துக்கு வாரம் அதிகம் மாறாது. அந்த அளவு இடத்தை நாள்காட்டியில் முன்பே அடைத்துவிடலாம், ஸ்பிரிங்ஃபீல்டின் அந்த ஓர் அரங்கைப் போல.

தீயணைப்பு நிலையத்தில் வீரர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்வதில்லை. வண்டிகள் எல்லாம் எந்நேரமும் வெளியே ஓடிக்கொண்டிருந்தால்தான் ஊர் பயப்படும். அலுவலகத்தில் மட்டும், சும்மா உட்கார்ந்திருக்கும் கையைப் பார்த்தால் உடனே ஒரு ஃபைல் வந்து விழுகிறது. இதற்கு வரிசைக் கோட்பாட்டிலேயே ஒரு தீர்வு உண்டு. காலி நேரத்தில், எந்தக் கணத்திலும் கீழே போட்டுவிட்டு எழுந்துவிடக்கூடிய வேலைகளைச் செய்யலாம்: பழைய ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது, புது விதிமுறைகளைப் படிப்பது, அடுத்த மாதத்துக்கான படிவத்தைத் திருத்துவது. கணினிகள் இப்படித்தான் பின்னணியில் வேலைகளை ஓட்டுகின்றன. முக்கியமானது வந்ததும் அவை ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்க மறுக்கும் வேலையை, நாலு மணி மீட்டிங் போன்ற ஒன்றை, அந்த இடத்தில் வைத்துவிட்டால் அது காலி இடமாக இருக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. தன் நாளில் எங்கே இடைவெளி விடுவது என்று தீர்மானிக்க முடிகிறவருக்குத்தான் இந்த யோசனைகள் எல்லாம். தீர்மானிக்க முடியாதவர்கள்?

இந்தியாவில் நேரம் எப்படிச் செலவாகிறது என்று நாடு முழுவதும் முதன்முதலில் கணக்கெடுத்தது 2019இல். அதற்கு முன் 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஒரு முன்னோட்டக் கணக்கெடுப்பு நடந்திருந்தது. அதிகாலை நான்கு மணியிலிருந்து மறுநாள் அதிகாலை நான்கு மணிவரை, அரை மணி நேரத் துண்டுகளாக, என்ன செய்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். சமைப்பது, துவைப்பது, கூட்டிப் பெருக்குவது போன்ற ஊதியமில்லாத வீட்டு வேலைகளில், அந்த வேலையைச் செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடியும் எடுத்தபோது 289 நிமிடம், 88 நிமிடம். ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது.

வீட்டு வேலையின் நீளம் மட்டும் பிரச்சினை என்றால் கணக்கு எளிது. எர்லாங்கின் கண்ணோடு பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. வீட்டில் வேலைகள் வரும் விதம் தொலைபேசி அழைப்புகளைப் போன்றது. தண்ணீர் எப்போது வரும், சிலிண்டர்காரர் எப்போது மணி அடிப்பார், குழந்தைக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஏற்ற இறக்கம் உச்சத்தில். வேலைக்கும் போய்விட்டு வருகிற பெண் என்றால் நிரம்பலும் உச்சத்தில். இரண்டையும் பெருக்க வேண்டும். பல வீடுகளில் ஆண் அலுவலகத்தில் ஒரே மனதாக மூன்று மணி நேரம் உட்கார முடிகிறது என்றால், அவருக்கு வரவேண்டிய குறுக்கீடுகள் இன்னொருவர் வரிசையில் போய் நிற்கின்றன என்று பொருள். அவருடைய காலி இடம் அவர் சம்பாதித்தது என்று நம்மால் சொல்ல முடியாது.

அந்தக் கணிதத்தில் இதற்கும் ஒரு விடை இருக்கிறது, அது கொஞ்சம் ஆச்சரியமானது. இரண்டு கவுன்டர்கள், இரண்டு தனி வரிசைகள் என்று ஒரு நிலைமை. இரண்டு கவுன்டர்களுக்கும் பொதுவாக ஒரே வரிசை என்று இன்னொரு நிலைமை. ஆட்கள் அதே, வேலை அதே, வேகம் அதே. கணக்காளரின் நாளுக்கு 28 வேலைகள் என்ற உதாரணத்தில், ஒருவருக்கு ஒரு வரிசை என்றால் காத்திருப்பு 105 நிமிடம். இரண்டு பேர், இருவருக்கும் சேர்த்து 56 வேலைகள், ஒரே வரிசை என்றால் 49 நிமிடம். யாரும் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக உழைக்கவில்லை. ஒருவர் சும்மா இருக்கும்போது இன்னொருவர் முன்னால் கூட்டம் நிற்பது என்ற வீண் மட்டும் ஒழிந்தது. வங்கிகளிலும் விமான நிலையங்களிலும் பல கவுன்டர்களுக்கு வளைந்து வளைந்து ஒரே வரிசை போடுவது இதனால்தான்.

வீட்டுக்கும் இது பொருந்தும். சமையல் உனது, வெளிவேலை எனது என்று பிரிக்கும் வழக்கத்தைவிட, ஒரே பட்டியலை இருவரும் பார்த்து, கை ஓய்ந்தவர் அடுத்ததை எடுத்துக்கொள்வது இருவருக்கும் காலி இடத்தைத் தரும். ஆனால் அந்த 49 நிமிடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: வரிசையில் அடுத்து நிற்பது எந்த வேலையாக இருந்தாலும் இருவரில் யாராலும் அதைச் செய்ய முடிய வேண்டும். குழம்புக்குப் புளி எவ்வளவு கரைப்பது, பிள்ளையின் காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி, பள்ளியில் எந்தத் தேதிக்குள் கட்டணம் கட்டுவது, பாட்டியின் மாத்திரையில் எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை எதுவாக இருந்தாலும், அந்த இடத்தில் வரிசை மறுபடியும் இரண்டாகப் பிரிந்து, அவர் பக்கம் நீளும்.